கைதட்டல் ஓயும்வரை

எங்கள் நாடகக் கம்பெனியில் எல்லோருடைய குரலும் என் தொண்டையில் இருக்கிறது. வாத்தியக் குழுவை நடத்தும் மௌரி ஃபைன்ப்ளூம் பேசினால் ஜலதோஷம் பிடித்த கிளாரினெட் பேசுவது போலிருக்கும், அதைச் செய்வேன். கதாநாயகி கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, "நான் இனிப்பே தொடமாட்டேன்பா" என்று சொல்லிக்கொண்டே என் டோநட்டில் பாதியைப் பிய்ப்பாள், அதையும் செய்வேன். ஆனால் மேக்கப் அறையில் எனக்கு அதிகச் சிரிப்பு வாங்கிக் கொடுத்தது, குரலே இல்லாத ஒரு காட்சி. சோப்பு டப்பாவின் மேல் கையை வைத்துக்கொண்டு, மோவாயைக் கொஞ்சம் தூக்கி, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி சும்மா நிற்பேன். நின்றுகொண்டே இருப்பேன். யாராவது ஒருவர் தாங்க முடியாமல் கத்துவார்: "இர்மா!"

இர்மா ஸாபோ அப்போது அந்த அறையில்தான் இருப்பாள். சாக்ஸ் தைத்துக்கொண்டே தலையைத் தூக்காமல் சொல்வாள்: "டேய் குரங்கே, நான் அவ்வளவு நேரமா நிக்கிறேன்?"

"அதைவிட அதிகமா. ஜனங்க பாதிப் பேர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துடறாங்க."

"கை தட்டறவங்க தட்டி முடிக்கணும் கண்ணு. முடிக்கறதுக்குள்ள போனா மரியாதையா?"

இர்மா கிளீவ்லாந்துக்காரி. ஹங்கேரியிலிருந்து வந்து ரொட்டிக்கடை வைத்தவரின் மகள். அகலமான தோள்கள். தெருவில் நடந்தாலும் கையில் சூடான பாத்திரம் இருப்பது போல நடப்பாள். மரப்பெட்டியைத் தரையில் இழுக்கிற மாதிரிக் குரல்; பாடும்போதுதான் அந்தப் பெட்டிக்குள் கண்ணாடிச் சாமான் இருப்பது தெரியும். நியூயார்க்குக்கு வந்த நாளிலிருந்து அவளுக்குக் கிடைத்ததெல்லாம் நர்ஸ், வேலைக்காரி, பக்கத்து வீட்டு விதவை. "மேடம், யாரோ கதவைத் தட்டறாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போகிற வேஷங்கள். நாடகம் இல்லாத மாதங்களில் துணிக்கடையில் கையுறை விற்றாள். குவீன்ஸ் பகுதியில் இரண்டு அறை, காது கேட்காத ஒரு பூனை. "அதுகிட்டதான் நான் பாடிப் பழகறது. குறையே சொல்லாது."

'மழைக்கு ஒரு அறை' என்ற எங்கள் இசை நாடகத்திலும் அவளுக்கு முதலில் பாட்டு கிடையாது. துறைமுகத்துப் பக்கம் ஒரு விடுதி, அதில் தங்கியிருக்கும் மாலுமிகள், ஒரு காதல் ஜோடி. இர்மா விடுதிக்கார அம்மா. அதட்டுவாள், சூப்பு ஊற்றுவாள், அவ்வளவுதான். நியூயார்க்கில் பிராட்வே அரங்குக்கு வருவதற்கு முன் பாஸ்டனில் ஒத்திகை பார்ப்பது போல நாடகத்தைப் போட்டபோது ஒரு சங்கடம் வந்தது. கதாநாயகி நனைந்த கோட்டைக் கழற்றிக் கல்யாணக் கவுனுக்குள் நுழைய வேண்டும். முதுகு முழுக்கக் கொக்கி. அவள் உள்ளே மல்லாடிக்கொண்டிருக்க, வெளியே காலி மேடை. ஜனங்கள் இருமினார்கள். மறுநாள் மௌரி ஒரு தாளை நீட்டினான்.

"இந்தா, பாடு. கவுன் மாத்தற வரைக்கும் தாக்குப்பிடி."

"எதைப் பத்திப் பாட?"

"ஒரு தட்டைப் பத்தி."

கடலுக்குப் போன பையன் ஒருவன் இன்னும் திரும்பவில்லை. விடுதிக்கார அம்மா அவனுக்கும் சேர்த்துச் சாப்பாடு எடுத்து வைக்கிறாள். 'சூப்பு ஆறுது, படியில சத்தம் இல்ல, ஆறினா என்ன, சுட வெச்சுக்கலாம்' என்று போகும் பாட்டு. கடைசி வரியில் தட்டின் மேல் தகர மூடியைக் கவிழ்ப்பாள். 'டங்' என்று மூடி விழ, அதே நொடியில் வாத்தியக் குழுவும் 'டண்' என்று நிறுத்தும்.

அந்த 'டண்'ணுக்கு எங்களிடம் பட்டன் என்று பெயர். சட்டையைப் போலப் பாட்டையும் பட்டன் போட்டு மூட வேண்டும். அது விழுந்துவிட்டால் ஜனங்கள் நினைத்தாலும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. கைதட்டல் எழும். அது ஓயும்வரை பாடியவர் அசையக் கூடாது. யாரும் எழுதி வைக்காத சட்டம். இர்மா அதை மீறியதே இல்லை. மூடியின் மேல் கை, தெருக்கதவின் மேல் கண். தெருக்கதவு என்று நாங்கள் வைத்துக்கொண்டது ஜனங்கள் உட்கார்ந்திருக்கும் பக்கத்தைத்தான். சத்தம் ஓய்ந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு படியேறி உள்ளே போவாள்.

உள்ளே போனதும் மூடியைத் திறந்து சாப்பிடுவாள். தட்டில் வைக்க அட்டையில் செய்து கொடுத்த கோழித்தொடையை அவள் முதல் வாரமே தூக்கி எறிந்துவிட்டாள். அடுத்து அவள் மேடைக்கு வரக் கொஞ்ச நேரம் இருந்ததால், தன் சாப்பாட்டையே அங்கே வைத்துக்கொண்டாள்: ஒரு வேகவைத்த முட்டை, ஒரு துண்டு கம்பு ரொட்டி. "பிராட்வேயிலேயே தான் திங்கப்போற முட்டையைப் பார்த்து உருகிப் பாடறவ இவ ஒருத்திதான்" என்பான் மௌரி.

கவுனுக்காகப் பிறந்த அந்தப் பாட்டுக்குத்தான் நாடகத்திலேயே அதிகக் கைதட்டல்.

பிறகு ஒரு சினிமாக் கம்பெனி நாடகத்தைப் படமாக்க வாங்கியது. எங்கள் கதாநாயகி போனாள், நாயகன் போனான். அந்த இடங்களுக்குச் சுவரொட்டியில் முகம் தெரிந்தவர்கள் வந்தார்கள். மிஞ்சியது மௌரி, மாடிப்படியில் உட்கார்ந்திருக்கும் மாலுமிகளில் என்னைச் சேர்த்துச் சிலர், அப்புறம் இர்மா. அவள் கலிஃபோர்னியாவுக்கு ரயிலில் வந்தாள். "தரையைத் தொடாத எதையும் நான் நம்பறதில்ல." கிளம்புவதற்கு முன் கிளீவ்லாந்துக்கு போன் போட்டு, ரொட்டிக்கடையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் கேஸாவிடம் சொன்னாள்: "படத்துல எனக்கு ஒரு முழுப் பாட்டு இருக்கு. தெருவுல எல்லாருக்கும் சொல்லிடு." அவர்கள் யாரும் நியூயார்க் வந்து அவளை மேடையில் பார்த்ததில்லை. கையுறை விற்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும்.

பாட்டை முதலில் பதிவு செய்தார்கள். உள்ளே வயலின்களே ஒரு ஊர்ச்சனம் அளவுக்கு உட்கார்ந்திருந்தன. இர்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஏன் மௌரி, ஒரு தட்டு சாப்பாட்டுக்கா இவ்வளவு பேரு?"

பாடி முடித்தாள். 'டண்' வரவில்லை. வயலின்கள் மெலிந்து மெலிந்து காற்றாகப் போயின.

"பட்டன் எங்கய்யா?"

"சினிமால பட்டன் கிடையாது இர்மா. கொட்டகையில எவனாவது கை தட்டினா அடுத்த வசனம் கேக்காது. அதனால பாட்டைக் கரைச்சு விட்டுடுவாங்க. அது பாட்டுக்கு அடுத்த சீனுக்குள்ள ஓடிடும்."

"சட்டையைத் திறந்து போட்டுக்கிட்டுத் தெருவுல போற மாதிரி இருக்கே!"

மௌரி சிரிக்கவில்லை. மூக்கைத் தேய்த்துக்கொண்டான். "இன்னொண்ணு சொல்றேன், என்மேல பாயாத. படம் நீளம்னு பேசிக்கறாங்க. நாலு பாட்டாவது போகணுமாம். உன் பாட்டு எதுக்கு வந்துச்சு? அவ கவுன் மாத்த. இங்க கத்தரியை எடுத்து ஒரு வெட்டு வெட்டினா அடுத்த நொடியே அவ கவுனோட நிப்பா. உன் பாட்டுக்கு இங்க வேலையே இல்ல."

இர்மா கையுறையை மாட்டிக்கொண்டாள், ஒவ்வொரு விரலாக. "அப்ப வெட்ட மனசு வராத மாதிரி நடிக்கணும். அவ்வளவுதானே?"

டைரக்டர் ஹார்லன் வீக்ஸுக்கு எந்த வாக்கியத்தையும் முடிக்கும் பழக்கமில்லை. பஞ்சுக்குள் பேசுவது போன்ற குரல். "மிஸ் ஸாபோ, நீங்க அப்படியே மேசைக்கு வந்து... அப்புறம் தட்டை... சரி, உங்களுக்கே..." அவரைப் போலப் பேசிக் காட்டுவது சுலபம், பாதியில் நிறுத்தினால் போதும்.

பாட்டு ஒலிபெருக்கியில் ஓடும், இர்மா வாயசைக்க வேண்டும். மேடையில் அவள் ஒரு நாள் பாடியது போல மறுநாள் பாடியதில்லை. தன் குரலுக்குத் தானே வாயசைப்பது அவளுக்கு, முன்னால் போகும் ஆளின் நிழலை மிதிக்காமல் நடப்பது போலிருந்தது. அதையும் மத்தியானத்துக்குள் பழகிவிட்டாள். தொல்லை அதற்குப் பிறகுதான். கடைசி வரி முடிந்ததும் மூடியைக் கவிழ்த்துவிட்டு, நிற்காமல் மாடிப்படி ஏற வேண்டும். இர்மா மூடியைக் கவிழ்த்தாள். நின்றாள்.

"கட். மிஸ் ஸாபோ, அங்க நிக்க வேண்டாம், அப்படியே..."

"ஐயோ, ஆமா ஸார். மன்னிச்சுக்கங்க."

மறுபடி பாட்டு. மறுபடி மூடி. நின்றாள்.

"கட்."

"இந்தக் கால் இருக்கே ஸார், இது நியூயார்க்லயே இருக்கு."

எத்தனை டேக் போனதோ. மாடிப்படியில் உட்கார்ந்திருந்த மாலுமிகள் நாங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தோம். மௌரி ஒலிபெருக்கிக்குப் பின்னாலிருந்து கையெடுத்துக் கும்பிட்டான்: "அம்மா தாயே, படி உன் பக்கத்துலதான் இருக்கு, ஏறித் தொலையேன்!" மேலே விளக்குப் பலகையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த எலக்ட்ரீஷியனுக்குப் பாவமாகிவிட்டது போலிருக்கிறது. அடுத்த தடவை மூடி விழுந்ததும் படபடவென்று கை தட்டினான். இர்மா உடனே தட்டை எடுத்துக்கொண்டு ராணி மாதிரிப் படியேறினாள். செட்டே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் பிறகு கண்ணாடி முன்னால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"கெடுத்துக்கிட்டே இருக்கேன்டா. வெட்டறதுக்கு நானே கத்தரியைத் தீட்டிக் குடுக்கறேன்."

வீக்ஸ் காமெராவை இன்னும் பக்கத்தில் தள்ளச் சொன்னார். "யாரும் கை... எதுவும்... சரி, போகலாம்."

பாட்டு ஓடியது. கரைந்தது. மூடி விழுந்தது. ஒலிபெருக்கியில் நாடா சுற்றும் சரசரப்பு மட்டும். இர்மா நின்றாள்.

வீக்ஸ் வாயைத் திறந்தார். 'கட்' என்று சொல்லவில்லை.

நான் படியிலிருந்து அவள் முதுகையும் ஒரு பக்கக் கன்னத்தையும்தான் பார்த்தேன். அதுவே போதுமாக இருந்தது. முதலில் வழக்கமான நிமிர்ந்த மோவாய். பிறகு அது இம்மியளவு இறங்கியது. மூடியின் மேலிருந்த விரல்கள் விரிந்தன, சூட்டை வெளியே விடாமல் அமுக்குவது போல. தலை லேசாகச் சாய்ந்தது, காது கொடுத்துக் கேட்பது போல. காமெராவுக்குள் பிலிம் தீர்ந்து டக்டக்கென்று அடித்துக்கொண்டது. வீக்ஸ் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைத் துணியில் துடைத்துக்கொண்டே வெளியே போய்விட்டார்.

"பாத்தியா," என்றாள் இர்மா. "கோவத்துல பேச்சே வரல அந்த மனுஷனுக்கு."

படம் முடிந்து, ஊர் பேர் தெரியாத ஒரு புறநகர்க் கொட்டகையில் வெள்ளோட்டம் விட்டார்கள். ஜனங்களுக்கு என்ன படம் என்று சொல்லாமல் போட்டுப் பார்ப்பது வழக்கம். இர்மா தன்னிடமிருந்த ஒரே நல்ல தொப்பியை வைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் மௌரி. மௌரி அன்று அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அந்த இடம் வந்தது. விடுதிச் சமையலறை. இர்மா சூப்பு ஊற்றுகிறாள், ரொட்டி வைக்கிறாள். வயலின் எழ வேண்டிய இடம். எழவில்லை. கத்தரி விழுந்திருந்தது. நேராக மூடி: டங்.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. "பாட்டு?" என்றாள்.

மௌரி திரையைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தான்: "போச்சு இர்மா. என்னால சொல்ல முடியல."

அப்புறம் அவள் முகம் வந்தது. ஒரு வீடு அளவுக்கு வந்தது. நான் எத்தனையோ தடவை செய்து காட்டிச் சிரிப்பு வாங்கிய அதே நிற்றல். அதில் இவ்வளவு இருந்ததா? அந்தக் கண்கள் கதவைப் பார்த்தன. முதலில் 'வரட்டும், நான் இருக்கிறேன்' என்றன. பிறகு 'ஏன் காணோம்?' என்றன. பிறகு, ஒரு சின்ன வெட்கம்: கேட்டிருக்கக் கூடாதோ என்பது போல. பிறகு மறுபடியும் பொறுமை, இந்தத் தடவை யாருக்காகவும் இல்லாத வெறும் பொறுமை. பாட்டில் இருந்ததெல்லாம் அந்த முகத்தில் ஒரு வார்த்தையும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. கொட்டகையில் சோளப்பொரிப் பொட்டலங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. எனக்கு ஒரு பயம் வந்தது. மலையைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் வருமே, அந்த மாதிரி.

பின்வரிசையில் ஒரு பெண் அழுகைக் குரலில் புருஷனிடம் சொன்னாள்: "யாராவது போய் அந்தம்மா கதவைத் தட்டுங்களேன்!"

கொட்டகை வாசலில் வீக்ஸ் நின்றுகொண்டிருந்தார். "மிஸ் ஸாபோ, அந்தப் பாட்டு... நான் உங்ககிட்ட முன்னாலயே..."

"எடுத்துட்டீங்க."

"நல்ல பாட்டு. ஆனா நீங்க நின்னது..."

"பாட்டைவிட நல்லா இருந்துச்சு. அதானே ஸார்? நானும் பார்த்தேன். கண் இருக்கு எனக்கு." தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். "கோவமும் இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

வீக்ஸ் தயங்கினார். "ஒண்ணு மட்டும் கேக்கணும். அப்ப நீங்க யாரை நினைச்சு... யாராவது சொந்தக்காரங்க..."

"கைதட்டலைத்தான் ஸார். எப்பவும் வருமே, இன்னிக்கு ஏன் காணோம்னு பார்த்துக்கிட்டு நின்னேன்."

அதுவரை வாக்கியங்களை முடிக்க மட்டும்தான் முடியாமலிருந்த மனிதருக்கு, அதற்குப் பிறகு ஒன்றை ஆரம்பிக்கவும் முடியவில்லை.

திரும்பும்போது காரில் இர்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். "எங்கண்ணன்கிட்ட படத்துல பாடறேன்னு சொல்லி வெச்சிருக்கேன்டா. இப்ப என்ன சொல்ல? நிக்கிறேன்னா?"

படம் ஊர் ஊராகப் போனது. அதன் பின்னாலேயே நாடகமும் போனது. படம் ஓடிய ஊரில் நாடகத்துக்கும் கூட்டம் வரும் என்று கணக்கு. பழைய கோஷ்டியோடு நாங்கள் பஸ் ஏறினோம். கிளீவ்லாந்தில் கேஸா மாவு படிந்த புருவத்தோடு மேக்கப் அறைக்கே வந்துவிட்டான்.

"படம் பாத்தேன். நீ பாடவே இல்லையே."

"வெட்டிட்டாங்கண்ணா."

"நல்லாத் தேடினேன். ரெண்டு தடவை பாத்தேன்." தொப்பியைக் கையில் சுற்றினான். "ஆனா ஒண்ணு. வீட்ல எல்லாரும் படம் பாத்த அன்னிக்கு நான் கடையிலேருந்து வர நேரமாச்சு. என் பொண்டாட்டி எனக்குத் தட்டு மூடி வெச்சிருந்தா. கல்யாணமானதுலேருந்து முதல் தடவை."

அன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. முன்வரிசைகளில் பாதி ஸாபோ வம்சம். நான் படியில் என் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். இர்மா சூப்பு ஊற்றினாள். கீழே மௌரி குச்சியைத் தூக்கினான். அவள் பாட ஆரம்பித்ததும் ஜனங்களிடம் ஒரு அசைவு: இங்கே ஒரு பாட்டு இருக்கிறதா? திரையில் அவள் நின்றதை ஊரே பார்த்திருந்தது. அந்த நிற்றலுக்கு முன்னால் இப்படி ஒரு பாட்டு இருந்தது அவர்களுக்குத் தெரியாது. பெட்டிக்குள் கண்ணாடிச் சாமான் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்தது. 'ஆறினா என்ன, சுட வெச்சுக்கலாம்.' மூடி: டங். வாத்தியம்: டண்.

ஒரு கை கூடத் தட்டவில்லை.

படம் அவர்களுக்கு அப்படிப் பழக்கியிருந்தது. மூடி விழுந்தால் இந்தம்மா காத்திருப்பாள், நாமும் கூடக் காத்திருக்க வேண்டும். அரங்கம் முழுக்க அவளோடு சேர்ந்து கதவைப் பார்த்தது. மௌரியின் குச்சி அந்தரத்தில் நின்றது. இர்மா நின்றாள். கைதட்டல் ஓய்ந்தால்தானே அவள் போவாள். எழவே எழாதது எப்படி ஓயும்? மேடையில் வாழ்நாள் முழுக்க நின்றவளுக்கு அன்றுதான் எப்போது போவது என்று தெரியவில்லை. மௌனம் ஏறிக்கொண்டே போனது. அத்தனை பேர் சேர்ந்து சத்தம் போடாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அதுவரை தெரியாது. தெய்வம் யாரோ உள்ளே வந்தது போல இருந்தது.

இர்மா கதவைக் கடைசியாக ஒரு முறை பார்த்தாள். வரப் போவதில்லை. மூடியைத் தூக்கினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முட்டையை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். நிதானமாக, கண் கலங்காமல், பசியுள்ள ஒரு மனுஷி சாப்பிடுவது போல. பாதி முட்டையில்தான் அரங்கம் கைதட்டலாக உடைந்தது. நாற்காலிகள் பின்னால் சாய்ந்தன, கேஸா தொப்பியை வீசினான், வாத்தியக்காரர்கள் வயலின் வில்லால் ஸ்டாண்டைத் தட்டினார்கள். மௌரி குச்சியைக் கீழே வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினான். நான் மேடையில் இருக்கிறேன், மாலுமி வேஷத்தில் இருக்கிறேன் என்பதை மறந்து எழுந்து நின்றுவிட்டேன்.

அவள் வாயில் முட்டையோடு, மோவாயைத் தூக்கி, அது ஓயும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஓய்ந்ததும் காலித் தட்டை எடுத்துக்கொண்டு படியேறினாள். என்னைத் தாண்டும்போது உதடு அசையாமல் முணுமுணுத்தாள்:

"நாளையிலேருந்து தட்டுல கொஞ்சம் உப்பு வைக்கச் சொல்லுடா குரங்கே."